மலைநாட்டு மண்ணும் அதன் மீட்பும்

மண் என்பது வெறும் பொடிந்த பாறையன்று. பாறைப் பொடியோடு உக்கிய இலையும் வேரும், எண்ணிறந்த நுண்ணுயிர்களும், நீரும், காற்றும் கூடியமைந்த உயிர்ப்புடைய பொருளே மண்ணாகும். ஓரங்குல மேன்மண் உருவாகுதற்குப் பல நூற்றாண்டுகள் வேண்டும். அதனை இழத்தற்கோ சில மாரிகளே போதும். இவ்வுண்மைக்கு இலங்கையின் மத்திய மலைநாடு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மலைச் சரிவுகளிற் பெரும்பகுதி அடர்ந்த காடாயிருந்தது. 1830 ஆம் ஆண்டுக்குப் பின்னர் கோப்பிச் செய்கை விரிவடையவே, காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் ரெயிலர் 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நாட்டிய தேயிலை அதனிடத்தைப் பெற்றது. பயிர் மாறியதேயன்றி நிலத்தைப் பேணும் முறை மாறவில்லை. களையொன்றும் தலைகாட்டாத நிலமே செவ்விய நிலமெனத் தோட்டத்துரைமார் கருதினர். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் கையிற் சுரண்டி என்னுங் கருவி கொடுக்கப்பட்டது. அது களையை அகற்றியதோடு மேன்மண்ணையுந் தளர்த்திவிட்டது.

காட்டில் மழைத்துளி நேரே நிலத்தை அறைவதில்லை. இலைகள் அதன் வேகத்தைத் தணிக்கின்றன. தரையிற் கிடக்குஞ் சருகு அதனை ஏந்தி, மெல்ல மண்ணுட் செலுத்துகின்றது. மூடாத நிலத்திலோ துளியின் மோதலால் மண்கட்டிகள் உடைகின்றன. உடைந்த துகள்கள் நுண்டுளைகளை அடைக்கின்றன. உட்புக வழியில்லாத நீர் சரிவில் ஓடி, உக்கலும் உரமுஞ் செறிந்த மேற்படையை முதலிற் கொண்டு செல்கின்றது. எஞ்சிய மண்ணில் எவ்வளவு உரமிடினும் அதனைப் பற்றிவைக்கும் ஆற்றல் குறைவாதலால், இட்ட உரமும் மழையோடு போகின்றது.

இக்கேட்டினை அறிந்தோர் முன்னரும் இருந்தனர். தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 1873 இல் 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுதல் தடுக்கப்பட்டது. 1931 இல் மண்ணரிப்புப் பற்றிய குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1947 இல் நேர்ந்த பெருவெள்ளத்தின் பின்னர், 1951 இல் 25 ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், சட்டம் மண்ணரிப்பைத் தடைசெய்யலாமேயன்றி, இழந்த வளத்தை மீட்டுத்தரமாட்டாது. மீட்டற்குரிய வழி யாது?

தேயிலை ஆராய்ச்சி நிலையம் விதந்துரைக்கும் முறை எளியது. ஆயின் பொறுமையை வேண்டுவது. முதிர்ந்த செடிகளைப் பிடுங்கியவுடன் புதுக்கன்றுகளை நாட்டலாகாது. முதலிற் குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ நட்டு, ஒன்றரை ஆண்டு முதல் ஈராண்டு வரை வளரவிடல் வேண்டும். புல்லின் வேர்த்தொகுதி மண்ணைப் பிணிக்கின்றது. இடையிடையே வெட்டிப் பரப்பப்படும் புற்றழை மழைத்துளியைத் தாங்குவதோடு, உக்கிச் சேதனப் பொருளையும் பெருக்குகின்றது. அதன்பின்னர் கன்றுகளைச் சமவுயரக்கோட்டின் வழியே வரிசையாய் நாட்டுவர். தோட்டத் தமிழிற் கான் எனப்படும் வடிகால்கள் ஓடுநீரின் வேகத்தைத் தணித்து, அதனாற் கொணரப்படும் வண்டலைத் தேக்குகின்றன. அவ்வண்டலை அள்ளி மீண்டும் நிலத்திலிடலாம். வரிசைகளுக்கிடையே சீமைக்கிளுவையை வேலியாய் நட்டு, அதன் தழையை வெட்டி மூடாக்கிடுதலும் நன்று. மிகச் செங்குத்தான சரிவுகளையோ தேயிலையினின்றும் விடுவித்து மீண்டுங் காடாக்குவதே தக்கது.

இம்முறையின் இடர்ப்பாடு அறிவுக் குறைவிலன்று, காலத்திலேயே உளது. புல் வளரும் ஈராண்டிலும் நிலம் கொழுந்து தராது. புதுக்கன்று பயன்தர மேலுஞ் சில ஆண்டுகள் செல்லும். இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதியை இன்று விளைவிப்போர் சிறுதோட்ட உடைமையாளர். அன்றாட வருவாயை நம்பி வாழும் அவர்கள் அத்துணைக் காலம் காத்திருத்தல் அரிது. மீள்நடுகைக்கென அரசு வழங்கும் மானியம் ஒரு தருமமன்று. அந்நிலத்தின் ஓய்வுக்குரிய கூலியென்றே கொள்ளத்தக்கது.

மலைமண்ணின் நலம் மலையில் வாழ்வோர்க்கு மட்டும் உரியதன்று. மலைநாட்டில் ஊற்றெடுக்கும் மகாவலி கொட்டியாரக்குடாவிற் கடலோடு கலக்கின்றது. சரிவிற் பெயர்ந்த மண் பொல்கொல்லை முதலிய நீர்த்தேக்கங்களில் வண்டலாய்ப் படிந்து, தாழ்நில வயல்களுக்குரிய நீரின் இடத்தைக் கவர்கின்றது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தொழிலாளர் வாழ்ந்த லயன்களைப் புதைத்தது. மண்சரிவுக்குக் காரணங்கள் பலவாயினும், சரிவில் நீரை ஒழுங்காய் வடியச் செய்தல் அதனைத் தடுக்கும் முதன்மையான வழிகளுள் ஒன்றாகும். கான் வெட்டுதலும் அதனைத் தூர்வாருதலும் விளைச்சலைக் காப்பதோடு உயிரையுங் காக்குந் தொழில்களாம்.

நூற்றாண்டுக்கு மேலாக அம்மண் கொடுத்தே வந்துள்ளது. ஈராண்டேனும் அது பெறுதற்கு இடமளித்தாலன்றி, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க அதனிடம் யாதும் எஞ்சியிராது.