சொல்லிக்கொடுத்தால் ஓடிப்போவார்களா? தெரியுமா இந்தக் கதை!

"நாம செலவு பண்ணி டிரெய்னிங் கொடுப்போம், அவங்க துபாய்க்கு ஃப்ளைட் ஏறிடுவாங்க!" ஆஸ்பத்திரி நிர்வாகிகள் பலர் பாடும் பல்லவி இது. நடந்தது நேர்மாறு என்பது தெரியுமா?

1980களின் தொடக்கம். அமெரிக்காவில் கடும் நர்ஸ் பஞ்சம். ஆனால் சில மருத்துவமனைகளில் மட்டும் வேலைக்கு வந்தவர்கள் நகரவே இல்லை! அமெரிக்க செவிலியர் அகாடமி 163 மருத்துவமனைகளை அலசி, அப்படிப்பட்ட 41-ஐப் பொறுக்கியெடுத்தது. 1983இல் அறிக்கை வந்தது. அவற்றுக்குச் சூட்டிய பெயர் 'காந்த மருத்துவமனைகள்'! போனவர்களை விட்டுவிட்டு, இருந்தவர்களிடம் போய் 'ஏன் இருக்கிறீர்கள்?' என்று கேட்டதுதான் கெட்டிக்காரத்தனம். காந்தத்துக்கு 14 அம்சங்கள். தொழில் வளர்ச்சி அதில் ஒன்று, எதிர்பார்த்ததுதான். இன்னொன்றைக் கேளுங்கள்: நர்ஸே ஆசிரியர் ஆவது! நேற்று சேர்ந்த பெண்ணின் விரலைப் பிடித்து, ஊசிக்கு நரம்பு எங்கே என்று தடவிக் காட்டுகிற சீனியருக்கு அந்த வார்டு சொந்த வீடாகிவிடுகிறது. பின்னர் இந்தப் பெயரிலேயே சான்றிதழும் வந்தது; 1994இல் முதல் காந்தச் சான்றிதழ் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனது.

செஸ்ஸுக்கும் நர்ஸுக்கும் என்ன சம்பந்தம்? ட்ரைஃபஸ் சகோதரர்கள் செஸ் ஆட்டக்காரர்களையும் விமானிகளையும் கவனித்து வகுத்த, திறமை வளரும் 5 படிகளை, நர்சிங் பேராசிரியர் பட்ரீசியா பென்னர் 1984இல் நர்சிங்குக்குக் கொண்டுவந்தார். கத்துக்குட்டியில் தொடங்கி நிபுணர்வரை! இதைப் பின்பற்றிப் பல இடங்களில், நோயாளியை விட்டு நிர்வாக நாற்காலிக்குப் போகாமலேயே பதவி உயர வழி பிறந்தது.

ஜப்பானில் 1972இல் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் 47 மாகாணங்களிலிருந்தும் மாணவர்களை எடுக்கிறது. 6 ஆண்டு படிப்பு. சொந்த மாகாணத்தில் 9 ஆண்டு வேலை செய்தால் கட்டணம் தள்ளுபடி! கெடு முடிந்ததும் எல்லோரும் டோக்கியோவுக்கு மூட்டை கட்டினார்களா? அதுதான் இல்லை. மற்றக் கல்லூரிகளில் படித்தவர்களைவிட இவர்களே கிராமங்களில் அதிகம் தங்குகிறார்கள்.

நம்மூர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் புறநோயாளி கூட்டம் கலைந்ததும் மேற்படிப்பு நுழைவுத்தேர்வான நீட் பிஜி புத்தகத்தைப் பிரிக்கிறாரே, ஏன் தெரியுமா? அரசு வேலையை விடாமலேயே மேலே படிக்க வழி இருக்கிறது! அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டது தமிழ்நாட்டு மருத்துவ அலுவலர் சங்கம்!