வீடற்றோர் ஏறும் மேடை



குடியிருக்க வீடில்லாதவனுக்கு நாடகம் எதற்கு, முதலில் ஒரு கூரையைக் கொடுங்கள் என்று நாம் கேட்போம். தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தால் ஒரு குடும்பம் படும் பாட்டை அறிந்தவர்கள் நாம். அப்படிக் கேட்பது நியாயமே. என்றாலும் இலண்டன் மாநகரில் நடந்து வரும் ஒரு முயற்சியை இன்று கேளுங்கள்.

அங்கே வாட்டர்லூ இரயில் நிலையத்தின் அருகே, சாலைக்கு அடியில் செல்லும் நடைபாதைகளில், 1980களிலிருந்து 1998 வரை ஏராளமானோர் அட்டைப் பெட்டிகளை விரித்துப் படுத்து வாழ்ந்தனர். அவ்விடத்துக்கு 'அட்டை நகரம்' என்றே பெயர். செல்வம் கொழிக்கும் நாட்டில் இப்படியுமா என்று தோன்றுகிறதல்லவா? அந்நாளில், 1991இல், இலண்டனில் தோன்றியதுதான் 'கார்ட்போர்ட் சிட்டிசன்ஸ்' நாடகக் குழு. 'அட்டைக் குடிமக்கள்' என்று பொருள். ஏட்ரியன் ஜாக்சன் என்பவர் அதை நெடுங்காலம் நடத்தினார். நடிப்பவர்களில் பலர் வீடின்றித் தவித்தவர்கள். அவர்கள் நாடகம் போடுவது பெரிய அரங்குகளில் மட்டுமன்று. வீடற்றோர் தங்கும் விடுதிகளிலும்தான்.

பிரேசில் நாட்டு நாடகாசிரியர் அகுஸ்தோ போவால் (1931–2009) வகுத்த முறையை அவர்கள் கையாளுகிறார்கள். திருவிழா நாடகத்தில் கதாநாயகி அழுதால் நாமும் அழுவோம். திரை விழுந்ததும் வீடு திரும்புவோம். இங்கே கதை தோல்வியில் முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து நடிக்கிறார்கள். இம்முறை, பார்ப்பவர் எவரும் "நிறுத்து!" என்று குரல் கொடுத்து மேடையேறலாம். துன்பப்படும் பாத்திரத்தின் இடத்தில் நின்று, தமக்குத் தோன்றிய வழியில் நடித்துப் பார்க்கலாம். மற்ற நடிகர்கள் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இரு தரப்புக்கும் நடுவே நின்று சபையைக் கேள்வி கேட்பவரை 'ஜோக்கர்' என்பர். சீட்டுக்கட்டில் எந்த இனத்திலும் சேராத ஜோக்கரைப் போல.

ஒரு காட்சியை நாமே கற்பனை செய்வோம். கணவனின் அடி தாங்காமல் வெளியேறிய பெண், நகராட்சி வீட்டு அலுவலகக் கவுண்டரில் நிற்கிறாள். "நீயாகத்தானே வீட்டை விட்டாய்?" என்கிறார் அதிகாரி. அவள் தலைகுனிந்து திரும்புகிறாள். இரண்டாம் முறை, விடுதியில் தங்கியிருக்கும் ஒருத்தி எழுந்து, அவள் இடத்தில் நிற்கிறாள். கோபமாகக் கத்துகிறாள்; பலிக்கவில்லை. அடுத்தவர் வருகிறார். "அடிக்குப் பயந்து வந்தவள் தானாக வீட்டை விட்டவள் ஆகமாட்டாள், உங்கள் முடிவை எழுத்தில் கொடுங்கள்" என்கிறார். இங்கிலாந்துச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. 1977ஆம் ஆண்டிலேயே அது சட்டமானது. ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தென்ன? கவுண்டரின் முன் நா எழ வேண்டுமே! பிறப்புப் பத்திரத்துக்கும் அடையாளக் கார்டுக்கும் அலைந்து, பேச்சு வராமல் திரும்பியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

அந்தப் பேச்சுக்குத்தான் மேடை ஒத்திகையாகிறது. அங்கே தவறாகப் பேசினாலும் எதையும் இழப்பதில்லை. மறுபடி பேசிப் பார்க்கலாம். நாடகம் வீடு கட்டித் தராது. வீடுகள் போதாத ஊரில் எவ்வளவு திறமாகப் பேசினாலும் காத்திருக்கத்தான் வேண்டும். அதனால் வீடு கட்டும் பணத்தை இதற்குத் திருப்புவது சரியென்று நாம் சொல்லமாட்டோம், இரண்டும் வேண்டும்.

நாடகம் முடிந்தபின் நடிகர்கள் பார்வையாளருடன் அமர்ந்து பேசுகிறார்கள், நடிப்புப் பயிற்சிக்கு வரும்படி அழைக்கிறார்கள். அவ்வாறு பார்க்க வந்து, பயிற்சியில் சேர்ந்து, பின்னர் தாமே நடிகராகி வேறு விடுதிகளுக்குச் சென்றவர்களும் உண்டு.