கால்நடை காக்கும் எல்லைக் காவல்

மாணவர்களே! தமிழில் 'மாடு' என்னும் சொல்லுக்குச் 'செல்வம்' என்னும் பொருளும் உண்டு. உழவும் பாலும் எருவும் தந்தமையால் நம் முன்னோர் மாட்டைச் செல்வமாகவே போற்றினர். அச்செல்வத்தைச் சில நாள்களில் அழிக்கவல்ல தொற்றுநோய்கள் உள்ளன. அவற்றுள் மிகக் கொடியதாக இருந்தது வெக்கை நோய். காய்ச்சல், வாய்ப்புண், கடுங்கழிச்சல் ஆகியவற்றால் மாடுகள் மந்தை மந்தையாக மடிந்தன. இந்நோய் மனிதரைத் தாக்குவதில்லை. எனினும் மாட்டை நம்பி வாழ்ந்த குடும்பங்களைப் பசியில் ஆழ்த்தியது.

1920ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து பிரேசில் நாட்டிற்குத் திமில் மாடுகள் கப்பலில் அனுப்பப்பட்டன. வழியில் அவை பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. அவற்றுடன் வெக்கை நோயும் வந்திறங்கி, அந்நாட்டு மாடுகளிடையே பரவியது. ஒரு நாட்டின் நோய் பிற நாடுகளையும் தாக்கும் என்பதை உலகம் உணர்ந்தது. 1921இல் பாரிஸ் நகரில் பன்னாட்டு மாநாடு கூடியது. 1924ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் 28 நாடுகள் உடன்படிக்கை செய்து ஓர் அமைப்பை நிறுவின. அதுவே இன்று உலக விலங்கு நல அமைப்பு எனப்படுகிறது. தன் நாட்டில் நோய் தோன்றினால் அதனை மறைக்காது பிற நாடுகளுக்கு அறிவித்தல் உறுப்பு நாடுகளின் கடமையாகும்.

நோயுற்ற விலங்கைக் கண்டவுடன் தடுத்துவிடலாமே என நீங்கள் வினவலாம். கிருமி உடலில் புகுந்தவுடன் அறிகுறி தோன்றுவதில்லை. அதற்குச் சில நாள்கள் ஆகும். அதுவரை அவ்விலங்கு நலமுடன் இருப்பதாகவே தோன்றும். எனவே, கண்ணால் காண்பது மட்டும் போதாது, காத்திருத்தலும் வேண்டும்.

இதன் பொருட்டு நம் நாட்டில் 1898ஆம் ஆண்டிலேயே கால்நடை இறக்குமதிச் சட்டம் இயற்றப்பட்டது. வெளிநாட்டிலிருந்து கால்நடையைக் கொணர விரும்புவோர் முதலில் அரசின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். அனுப்பும் நாட்டின் அரசுக் கால்நடை மருத்துவர் நலச்சான்று வழங்குதல் வேண்டும். வந்திறங்கிய விலங்குகள் தனிமைப்படுத்தும் நிலையத்தில் பல நாள்கள் வைக்கப்பட்டுச் சோதிக்கப்படும். தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை முதலிய நகரங்களில் இத்தகைய நிலையங்கள் உள்ளன. கிருமிகள் இறைச்சி முதலிய பொருள்கள் வழியாகவும் பரவக்கூடும். ஆதலால் அவற்றின் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு உண்டு.

காத்திருப்பதால் இறக்குமதி செய்வோருக்குச் செலவும் காலத்தாழ்வும் நேர்கின்றன என்பது உண்மையே. ஆனால், துறைமுகத்தையே கண்டிராத சிற்றூரில் ஒற்றைப் பசுவை வைத்துப் பிழைக்கும் குடும்பத்தை அக்காத்திருப்பே காக்கிறது. பசு மடிந்தால் அக்குடும்பத்தின் அன்றாட வருவாயும் மடியும்.

எல்லைக் காவலுடன் தடுப்பூசியும் இடைவிடாத கண்காணிப்பும் இணைந்தமையால் 2011ஆம் ஆண்டு வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதர் முற்றிலும் ஒழித்த இரண்டாவது நோய் இதுவே. எனினும் கோமாரி, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் போன்றவை இன்னும் உலவுகின்றன. ஆகவே, எல்லைக் காவல் இன்றும் தளரலாகாது.

சிந்தித்து விடை எழுதுக

1. நலமாகத் தோன்றும் விலங்கையும் தனிமைப்படுத்துவது ஏன்?
2. தன் நாட்டில் தோன்றிய நோயை ஒரு நாடு மறைத்தால் யார் யார் பாதிக்கப்படுவர்?
3. நீங்கள் வாழும் ஊரில் கால்நடை வளர்ப்போர் ஒருவரைக் கண்டு உரையாடி, அவர் தம் கால்நடைகளை நோயிலிருந்து காக்கும் முறையை ஐந்து தொடர்களில் எழுதுக.