ஃபார்முக்குப் பொய் சொல்லும் மாணவர்கள்

திருவாமாத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து விழுப்புரத்துக்குப் படிக்கப் போகிறாள் எங்கள் உறவுக்காரப் பெண். செமஸ்டர் முடிவில் அவள் செல்போனுக்கு ஒரு லிங்க் வந்தது. வகுப்பில் புரொஜெக்டர், வீடியோ, ஆன்லைன் டெஸ்ட் எல்லாம் எப்படி உதவின என்று கேட்கும் ஃபார்ம். வரிசையாக ‘மிக நன்று’ என்று க்ளிக் செய்தாள். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது.

“புரொஜெக்டர் பாதி நாள் எரியாது என்றாயே?” என்றேன்.

“மேலே ஈமெயில் ஐடி கேட்குதே மாமா!” என்றாள்.

இது ஏதோ விளையாட்டு சர்வே அல்ல. கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பு 2017-ல் கொண்டுவந்த புதிய முறையில் மாணவர் திருப்தி சர்வேயும் சேர்ந்தது. 20 கேள்விகளுக்குத் தேர்ந்தெடுக்கும் விடைகள். 21-வதில் சொந்தமாக மூன்று யோசனைகள் எழுதலாம். அதில் ஒரு கேள்வி, ஆசிரியர்களில் எத்தனை சதவீதம் பேர் புரொஜெக்டர், மல்டிமீடியா போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள் என்பது. கவனியுங்கள்: பயன்படுத்துகிறார்களா என்றுதான் கேள்வி, புரிந்ததா என்று அல்ல. ஸ்லைடை அப்படியே வாசித்துவிட்டுப் போகும் ஆசிரியருக்கும் இதில் ஒரு ஓட்டு உண்டு!

சரி, பயம் போக என்ன வழி? கூகுள் ஃபார்ம்ஸ் என்றால் செட்டிங்ஸ் பகுதியில் ஈமெயில் சேகரிக்கும் வசதியை ஆஃப் செய்ய வேண்டும். ஒருவர் ஒரு முறைதான் பதில் தரலாம் என்ற வசதியை ஆன் செய்தால் சைன்-இன் கேட்கும். ஆனால் ஈமெயில் சேகரிப்பு ஆஃபில் இருந்தால் ஆசிரியருக்கு உங்கள் முகவரி போகாது. ஃபார்மின் மேலே உங்கள் கணக்கின் பெயருக்குப் பக்கத்தில் ‘நாட் ஷேர்டு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். மூடில் பயன்படுத்தும் கல்லூரி என்றால் அதன் ஃபீட்பேக் பகுதியிலேயே பெயரில்லாமல் பதில் பெறும் வசதி உண்டு.

இன்னொரு ஓட்டை இருக்கிறது. பதில்கள் ஷீட்டில் விழும்போது நாளும் நேரமும் பதிவாகும். பத்து பேர் உள்ள வகுப்பில், லேபில் உட்கார்ந்து வரிசையாக அனுப்பினால் யார் எழுதியது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. வேறு துறை ஆசிரியர் ஒருவர் பதில்களை வாங்கி, தொகுப்பை மட்டும் கொடுத்தால் நல்லது.

அதைவிடப் பெரிய சிக்கல், பதிலே சொல்லாதவர்கள். 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் அமோகமாக ஜெயித்தார். டெலிபோன், கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்தே பெரும்பாலும் முகவரி எடுத்திருந்தார்கள். பதில் போட்டதும் நாலில் ஒருவர்தான். ‘உங்களிடம் நெட் வசதி இருக்கிறதா?’ என்று ஆன்லைனில் கேட்பதும் இதே கதைதான். 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தமிழக அரசு 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி இலவச டேட்டா தந்தது. தேவை அவ்வளவு இருந்தது! ஆகவே போன் இல்லாதவருக்கு ஒரு துண்டுக் காகிதமும், வாசலில் ஒரு அட்டைப் பெட்டியும் வையுங்கள்.

திருவாமாத்தூர் என்றதும் இரட்டைப்புலவர்கள் கதை ஞாபகம் வருகிறது. கலம்பகத்தில் கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டார்களாம். கேட்டவர்கள் குறை சொல்ல, வெள்ளம் வந்து ஆறே இடம் மாறி ஓடியதாம். நம் ஆசிரியர்களுக்கு அந்த வசதி இல்லை. எனவே கருத்தை செமஸ்டர் முடிவில் கேட்காமல் ஐந்தாறு வாரத்திலேயே கேட்டால், அதே மாணவர்களுக்கே திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். கேள்வி ஐந்து போதும். எழுதும் கட்டத்தில் தமிழிலும் எழுதலாம் என்று ஒரு வரி போடுங்கள். பதிலின் நீளமே மாறிவிடும்.

அந்தப் பெண்ணிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, பெயர் போடாமல் எழுதச் சொன்னேன். ‘ஜன்னலுக்கு ஒரு திரை போடுங்க. வெயில் அடிச்சா ஸ்லைடு தெரியல’ என்று எழுதினாள். அதைச் சொல்ல அந்த ஃபார்மில் ஒரு கட்டம்கூட இல்லை.