கருக்கால ஆலோசனையும் சொற்றேர்வும்

ஜொகூரின் இஸ்கந்தர் புத்திரியில் நியூகாசில் பல்கலைக்கழகம் நடத்தும் மருத்துவக் கல்லூரியில் பாடமொழி ஆங்கிலம். நோயாளர் மொழியோ மலாய், சீனம், தமிழ் எனப் பல. கருக்காலப் பரிசோதனை முடிவை ஒரு தாய்க்கு எடுத்துரைக்கும் மாணவர், குறைபாட்டைப் பற்றித் தாம் கொண்ட மனப்பாங்கைத் தேரும் சொல்லிலேயே வெளிப்படுத்திவிடுகின்றார் என்பது நம் கருத்து.

35 வயதுத் தாய்க்கு டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறத்தற்குரிய நிகழ்தகவு ஏறத்தாழ 350இல் ஒன்று. ‘ரிஸ்க்’ என்பதை ‘ஆபத்து’ எனப் பெயர்த்தால் அவ்வொன்று மட்டுமே தாயின் செவியில் நிற்கும். எஞ்சிய 349 மறைந்துபோகும். ‘வாய்ப்பு’ என்போமெனின், அச்சொல்லில் நற்பேற்றின் சாயல் உண்டு! எனவே எண்ணையே, இரு பக்கமும் காட்டி, கூறுதல் நன்று.

இச்சிக்கல் புதிதன்று. 1866இல் லாங்டன் டவுன் இந்நிலையை மங்கோலியரோடு ஒப்பிட்டுப் பெயரிட்டார். 1959இல் மிகைக் குரோமோசோமே காரணம் எனத் தெளிந்த பின்னரும் அப்பெயர் நீடித்தது. 1965இல் மங்கோலிய நாடு முறையிட்ட பிறகே உலகச் சுகாதார நிறுவனம் அதனைக் கைவிட்டது. நம்மவரும் விலக்கல்லர்: புறநானூற்றின் 28ஆம் பாட்டு இத்தகைய பிறப்புகளை ‘எச்சம்’ எனத் தொகுக்கின்றது.

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, கருவைத் தொடர்வதால் தாயின் உயிருக்கோ உடல், மன நலத்திற்கோ கேடு நேரும் என மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருதினால் கருக்கலைப்பை அனுமதிக்கின்றது. கருவின் குறைபாட்டைத் தனிக் காரணமாகக் குறிக்கவில்லை. ஆகவே பல வேளைகளில் தாயின் மனநிலையே முடிவைத் தாங்குகின்றது. முதற்சொல்லைப் பேசிய மருத்துவரே அம்மனநிலையை அளவிட வேண்டியவராகவும் அமைந்துவிடக்கூடும்.