டீசலிலும் தண்ணீரா?

பால்காரர் செம்பைச் சாய்க்கும்போதே, "என்னப்பா, இன்றைக்குப் பால் நீர்க்க இருக்கிறதே!" என்று கண்டுபிடித்துவிடும் கண் உங்களுக்கு உண்டு. மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் அது உங்கள் விரலுக்குத் தப்பாது. ஆனால் குடும்பத்தோடு ராமேசுவரத்துக்குக் காரில் போகிறீர்கள். வழியில் பங்க் ஒன்றில் டீசல் போடுகிறார்கள். அப்போது என்ன செய்கிறீர்கள்? "அதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்று குழந்தைகளுக்கு முறுக்கு எடுத்துக் கொடுப்பதில் முனைந்துவிடுகிறீர்கள். அவரோ மீட்டரில் ஓடும் ரூபாயை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் ஐம்பது கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். உச்சிப்புளி, மண்டபம் தாண்டினால் பாம்பன் பாலம். 1988-ல் இந்தச் சாலைப் பாலம் திறக்கும் வரையில் கார் ஓட்டிக்கொண்டு தீவுக்குள் போக வழியே இல்லை. இரண்டே கால் கிலோ மீட்டருக்கு மேல் நீளம்; இரு பக்கமும் கடல்; ஒதுங்க நிழல் கிடையாது. அந்த இடத்தில் கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனால், பாட்டியையும் பச்சைக் குழந்தையையும் வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்காதீர்கள். 2025 ஜூன் மாதம் மத்தியப் பிரதேசத்தில், முதலமைச்சரின் அணிவகுப்புக்காக வந்த 19 கார்கள் ரத்லம் நகருக்கு அருகே ஒரே பங்கில் டீசல் போட்டன. சிறிது தூரம் போனதும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. டாங்கிகளைக் கழற்றிப் பார்த்தால், டீசலோடு தண்ணீர்! அதிகாரிகள் பங்குக்குச் சீல் வைத்தார்கள். மழைநீர் நிலத்தடித் தொட்டியில் கசிந்திருக்கலாம் என்று சொல்லப்பட்டது. முதலமைச்சரின் வண்டிகளுக்கே அந்தக் கதி என்றால், நம்முடைய வண்டி எம்மாத்திரம்?

சரி, கொஞ்சம் தண்ணீர் கலந்தால் யந்திரம் ஏன் இப்படிச் சண்டித்தனம் செய்கிறது? பெட்ரோல் வண்டியில் மின்பொறி பற்றவைக்கிறது. டீசல் வண்டியில் பொறியே கிடையாது. காற்றை அமுக்கு அமுக்கு என்று அமுக்கி, 500 டிகிரிக்கும் மேல் சூடாக்கி, அதில் டீசலைப் புகைபோல் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்கிறது. இந்தக் காலத்துக் கார்களில் அப்படிப் பீய்ச்சும் அழுத்தம், டயரில் உள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஐந்நூறு மடங்குக்கும் மேல். அந்தப் பம்புக்குள் உராயும் பாகங்களுக்கு வழவழப்புக் கொடுப்பதும் டீசலேதான். வேறு எண்ணெய் கிடையாது. அங்கே டீசலுக்குப் பதில் தண்ணீர் போனால் இரும்பும் இரும்பும் தேய்கின்றன, துருவும் பிடிக்கிறது. காய்ந்த எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் சட்டி படுத்தும் பாடு உங்களுக்குத் தெரியாததா?

தண்ணீர் வரும் வழியும் ஒன்றல்ல. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பங்கின் நிலத்தடித் தொட்டிக்குள் மூடி வழியாகக் கசியலாம். கடற்கரையின் ஈரக் காற்று அரைகுறையாக நிரம்பிய டாங்கிக்குள் வியர்த்துச் சொட்டலாம். அப்படிச் சேரும் தண்ணீர் கனமானதால் அடியில் தங்கும். அதற்கும் டீசலுக்கும் நடுவே கிருமிகள் வளர்ந்து, பாசிபோல் திரண்டு பில்டரை அடைப்பதும் உண்டு. இவற்றில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. விலை மலிந்த மண்ணெண்ணெயை வேண்டுமென்றே கலப்பதோ வேறு கதை. அது அசல் மோசடி.

இனி, நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

பாலுக்கு லாக்டோமீட்டர் இருப்பதுபோல் டீசலுக்கு ஹைட்ரோமீட்டர் இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் அன்றைய டீசலின் அடர்த்தியைக் குறித்து வைத்திருப்பார்கள். "அளந்து காட்டுங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு; காசு கொடுக்க வேண்டாம். வெயிலில் டீசல் விரிவடையும் என்பதால் கணக்கை 15 டிகிரிக்கு மாற்றிப் பார்ப்பார்கள். பதிவேட்டுக்கும் அளவுக்கும் 3 அலகுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சந்தேகப்படலாம். மண்ணெண்ணெய் கலந்தால் அடர்த்தி குறையும். தண்ணீரோ கலக்காமல் அடியில் தங்கிவிடும். அதற்குக் கண்ணாடி ஜாடியில் பிடித்துச் சற்று நேரம் வைத்துப் பார்ப்பதே மேல். தொட்டியின் அளவுகோலில் ஒரு பசையைத் தடவி இறக்கினால், தண்ணீர் பட்ட இடம் நிறம் மாறும். அதையும் செய்து காட்டச் சொல்லலாம். வடிதாளில் சொட்டுவிட்டுக் கறை பார்க்கும் சோதனை பெட்ரோலுக்குத்தான், டீசலுக்கு உதவாது.

பங்கை விட்டு வந்த சிறிது நேரத்தில் வண்டி குலுங்கினாலோ, இழுவை குறைந்தாலோ, வெள்ளைப் புகை கக்கினாலோ, பில்டரில் தண்ணீர் என்று விளக்கு எரிந்தாலோ ஓரமாக நிறுத்திவிடுங்கள். "இன்னும் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கிறேன்" என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வார். விடாதீர்கள்! ஒவ்வொரு தடவையும் கெட்ட டீசல் பம்புக்குள் இன்னும் தூரம் போகும். டாங்கியைக் கழுவி பில்டரை மாற்றுவதோடு முடியவேண்டிய செலவு, பம்பையே மாற்றுவதில் போய் நிற்கும். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண் இருக்கிறது; இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

ஆனால் ஒன்று. வண்டி நின்ற உடனே பங்க்காரர் மேல் பாயவேண்டாம். பாட்டரியும் படுத்திருக்கலாம், பழைய பில்டரும் அடைத்திருக்கலாம். டீசல் டாங்கியில் பெட்ரோலையோ, பக்கத்து மூடிக்குரிய ஆட்புளூ திரவத்தையோ தவறி ஊற்றியிருக்கவும் கூடும். உங்கள் டாங்கியில் தண்ணீர் இருந்தது என்பதை மெக்கானிக் சொல்லலாம். அது எங்கிருந்து வந்தது என்பதை அவர் சொல்ல முடியாது. "முன்பே உங்கள் வண்டியில் இருந்தது" என்று பங்க்காரர் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? அதற்குத்தான் சாட்சி வேண்டும். டாங்கியிலிருந்து எடுத்த மாதிரியை மெக்கானிக் முன்னிலையில் சீல் வைத்து, தேதி, நேரம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அன்றே பங்குக்குப் போய் அவர்கள் தொட்டியையும் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கே டீசல் போட்ட வேறு வண்டிகளும் நின்றனவா என்று விசாரியுங்கள். ரத்லத்தில் ஒரு வண்டி மட்டும் நின்றிருந்தால், குற்றம் வண்டியின் மேலேயே விழுந்திருக்கும்!

பிறகு எண்ணெய்க் கம்பெனியின் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரவேண்டும். மாதிரியைச் சோதனைச் சாலைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இந்தச் சோதனைகளெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. கோலார் தங்கவயலைச் சேர்ந்த மஞ்சுநாத் சண்முகம் என்ற இளைஞர், இந்தியன் ஆயில் கார்ப்பரேஷனில் விற்பனை அதிகாரியாக இருந்தார். உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்படம் செய்த பங்க் ஒன்றுக்குச் சீல் வைத்தார். 2005 நவம்பர் 19-ஆம் தேதி அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வயது 27. குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை என்பதை 2015-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒரு தாய் தன் பிள்ளையைப் பறிகொடுத்த விஷயம் இது. "அளந்து காட்டுங்கள்" என்று கேட்க நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

ஆகவே அடுத்த முறை யாத்திரை கிளம்பும்போது, புளியோதரைப் பொட்டலத்தோடு ஒரு சுத்தமான கண்ணாடி ஜாடியும் கூடையில் இருக்கட்டும். டீசல் போட்ட ரசீதை அவர் சட்டைப் பையில் விடாதீர்கள்; அது வண்ணானிடம் போய்விடும். உங்கள் கைப்பையில் வையுங்கள். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு வீடு திரும்பும் வரையில் அது பத்திரமாக இருக்கட்டும்.