இலங்கைக்கு 4 நாள் சர்ஃபிங் ட்ரிப்: டிக்கெட் போடும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க

வாலிகண்டபுரத்துலேர்ந்து சென்னைக்கு வேலைக்குப் போன ஒரு நேயர் கேட்டிருந்தார்: "சார், கைக்கு 34,000 சம்பளம் வருது. வீட்டுக்கு 10,000 அனுப்புறேன். ஃப்ரெண்ட்ஸோட இலங்கைக்கு சர்ஃபிங் போகணும். சேமிப்புல 60,000 இருக்கு. அதை எடுக்கலாமா, இல்ல ஆப்ல லோன் போடலாமா?"

என் பதில்: ரெண்டும் வேண்டாம். ஆனா ட்ரிப் போகலாம்! எப்படின்னு பார்ப்போம்.

முதல்ல சீசன், அப்புறம் டிக்கெட்

இலங்கையில சர்ஃபிங் சீசன் கரைக்குக் கரை மாறும். வெலிகம, ஹிக்கடுவ இருக்கிற தென்மேற்குக் கரைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கிழக்குக் கரையில பொத்துவில் பக்கத்துல இருக்கிற அறுகம்பேக்கு மே முதல் அக்டோபர் வரை. ஆஃபர்ல டிக்கெட் கிடைச்சுதுன்னு தப்பான மாசத்துல தப்பான கரைக்குப் போனா, அந்தப் பணம் கடல்ல போட்ட மாதிரிதான்.

4 நாள்தான் லீவுன்னா வெலிகம சரியா வரும். மணல் அடியுள்ள விரிகுடா, புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஏத்தது. கொழும்பு கோட்டையிலிருந்து கரையோரமா ரயிலும் இருக்கு. அறுகம்பேக்கு ரோட்டுல போகவர மட்டுமே கிட்டத்தட்ட ரெண்டு நாள் போயிடும்.

பெரம்பலூர் பக்கம் இருக்கிறவங்க சென்னை டிக்கெட்டோட திருச்சி டிக்கெட்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. திருச்சியிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கு, சுமார் ஒரு மணி நேரப் பயணம்தான். ஊருக்குப் போற லீவோட சேர்த்துப் போட்டா ஒரு பஸ் செலவும் மிச்சம்.

லோன் போட்டா என்ன ஆகும்?

மொத்தச் செலவு 48,000னு வச்சுக்குவோம். 16% வட்டியில 12 மாச பர்சனல் லோன் எடுத்தா, இஎம்ஐ சுமார் 4,355 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 4,260. 2% பிராசசிங் ஃபீஸும் அதுக்கு ஜிஎஸ்டியும் சேர்த்தா இன்னொரு 1,133. ஆக, 4 நாள் அலைக்கு ஒரு வருஷம் தவணை, 5,400 ரூபாய் கூடுதல். கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு மினிமம் டியூ மட்டும் கட்டினா இன்னும் மோசம். மாசம் 3.5%ன்னா வருஷத்துக்கு 42%!

அதே 48,000ஐ மாசம் 8,000 வீதம் 6 மாசம் ஆர்டியில போட்டா வட்டி உங்களுக்கு வரும்.

அப்போ அந்த 60,000? அது ட்ரிப் பணம் இல்லைங்க. நாளைக்கே வேலை போச்சுன்னா, அடுத்த மாசம் வீட்டுக்குப் போக வேண்டிய 10,000 அதுலேர்ந்துதான் வரணும். அதுல கை வைக்காதீங்க.

வரி விஷயத்துல மூணு பாயின்ட்

1. எல்டிஏ கிடையாது. சம்பளத்துல எல்டிஏ இருந்தாலும், அதுக்கான வரிவிலக்கு இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில. இலங்கை டிக்கெட்டை ஹெச்ஆர்கிட்ட கொடுத்துப் பிரயோஜனம் இல்லை.

2. பேக்கேஜ்னா டிசிஎஸ். 2025-26 நிதியாண்டுல வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 10 லட்சம் வரைக்கும் 5% டிசிஎஸ் இருந்துச்சு. அந்த விகிதத்துல 48,000க்கு 2,400 ரூபாய். விகிதம் மாறக்கூடியது, அதனால புக் பண்ற அன்னிக்கு எவ்வளவுன்னு பில்லுல பாருங்க. விமான டிக்கெட்டை மட்டும் தனியா, ரூமை மட்டும் தனியா நீங்களே போட்டா அது பேக்கேஜ் ஆகாது.

3. அது போன பணம் இல்லை. டிசிஎஸ் உங்க பான் நம்பர்ல ஏறும். 26ஏஎஸ்ல பார்த்து ஐடிஆர்ல கழிச்சுக்கலாம், அதிகமா இருந்தா ரீஃபண்ட். ரிட்டர்ன் போடாம விட்டாதான் நஷ்டம்.

அங்கே போய் கசியுற காசு

பல கார்டுகள்ல வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% வரை மார்க்கப், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. 30,000 தேய்ச்சா 1,239 ரூபாய் போச்சு! மார்க்கப் குறைஞ்ச கார்டா பார்த்து எடுத்துட்டுப் போங்க. கடைக்காரர் "இந்திய ரூபாயில போடட்டுமா?"ன்னு கேட்டா, வேண்டாம்னு சொல்லி இலங்கை ரூபாயிலயே போடச் சொல்லுங்க. இல்லன்னா அவங்க வைக்கிற ரேட்டுதான். கிரெடிட் கார்டுல ஏடிஎம் பணம் எடுக்காதீங்க, முதல் நாள்லேர்ந்தே வட்டி ஓடும். 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே யுபிஐயும் இருக்கு, ஆனா எல்லாக் கடையிலயும் எதிர்பார்க்க முடியாது.

இடிஏ அனுமதியை இலங்கை அரசோட அதிகாரபூர்வத் தளத்துல மட்டும் எடுங்க. அதே மாதிரி தோற்றத்துல சர்வீஸ் சார்ஜ் பிடுங்குற தளங்கள் நிறைய இருக்கு. பாஸ்போர்ட் 6 மாசத்துக்கு மேல செல்லுபடியாகணும்.

இன்ஷூரன்ஸ்ல ஒரு வரி

டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது விலக்குகள் பக்கத்தைப் படிங்க. பல பாலிசிகள்ல சாகச விளையாட்டுக்கு கவர் இருக்காது. போர்டுலேர்ந்து விழுந்து தோள் எலும்பு உடைஞ்சா, அந்த ஆஸ்பத்திரி பில் உங்க கையிலிருந்துதான். சர்ஃபிங் கவர் ஆகுமான்னு மெயில்ல கேட்டு, பதிலை பத்திரமா வச்சுக்கோங்க.

கடைசியா ஒண்ணு: இதுவரைக்கும் போர்டுல ஏறினதே இல்லைன்னா, முதல்ல ஈசிஆர்ல கோவளத்துல ஒரு கிளாஸ் போய்ப் பாருங்க. பிடிச்சிருந்தா அன்னிக்கு ராத்திரியே 8,000 ரூபாய் ஆர்டி ஆரம்பிச்சுடுங்க. பிடிக்கலைன்னா 48,000 மிச்சம்!